வின்டில் குன்றிலிருந்து கீழே

ரங்கூனில் பசுந்தாங் ஓடையை ஒட்டித் துறைமுகத் தொழிலாளிகளுக்காகக் கட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நீலாம்பாளும் அவள் புருஷன் கருப்பையாவும் குடியிருந்தார்கள். கருப்பையாவுக்குப் போட்டாதாங் துறையில் அரிசி மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி வேலை. நீலாம்பாள் ஊருக்கு வடக்கே கொக்கைன் என்ற பகுதியில், மரக்கம்பெனி மானேஜர் ஹெதர்லி துரையின் பங்களாவில் ஆயா. துரையின் ஒரே மகள் டோரா பிறந்த வாரத்திலிருந்து அவள் கையில்தான் வளர்ந்தாள்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் நீலாம்பாளுக்கு வீட்டில் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டானது. இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவளுக்கு அந்த வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள், அந்த வரிசையில் பிரசவம் பார்க்கிறவள், கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற பெண்கள் குழாயடியில் அவளைக் கண்டதும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மௌனம்தான் அவளை அதிகம் வருத்தியது. ஆகவே 1924-ஆம் வருஷம் கோடையில், டோராவைச் சீமையில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போவதாகவும், கூட வர வேண்டுமென்றும் துரைசாணி கேட்டபோது, நீலாம்பாள் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டாள்.

கருப்பையா அன்று இரவுச் சாப்பாட்டை முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, “ஒனக்குப் போகணும்னு இருந்தா போ. ஆனா திரும்பி வந்துரு நீலா,” என்று மட்டும் சொன்னான்.

கப்பல் கொழும்பைத் தாண்டியபின் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது. எல்லாருக்கும் குமட்டியதால் கடல்தான் காரணமென்று நினைத்துக்கொண்டாள். செங்கடலில் நுழைந்தபோது கடல் தட்டுப்போல அசையாமல் கிடந்தது. அப்போதும் குமட்டல் நிற்கவில்லை. பசுந்தாங் சந்தில் காலையில் விற்கும் மொகிங்காவின் மீன்சாற்று வாசனை எங்கிருந்தோ வருவதுபோல இருந்து வாயில் நீர் ஊறியது. நாள் தள்ளிப்போயிருப்பதை அப்போதுதான் கணக்குப் பார்த்தாள். சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது.

அதே கப்பலில் இன்னொரு குடும்பத்தோடு நூர் பீவி என்ற ஆயா போய்க்கொண்டிருந்தாள். காயல்பட்டணத்துக்காரி, ஏற்கெனவே நாலைந்து தடவை சீமைக்குப் போய் வந்தவள். நீலாம்பாள் சொல்லாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கொண்டுபோன குடும்பம் கைவிட்டதால் லண்டனில் ஒரு விடுதியில் மாதக்கணக்காகத் தங்கி, ஊர் திரும்பும் வேறு துரைசாணி யாராவது கிடைப்பாளா என்று காத்துக்கிடந்த ஆயாக்களை அவள் பார்த்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை வேலைக்கு வைத்துக் கப்பலேற்ற எந்த வெள்ளைக்காரியும் சம்மதிக்க மாட்டாள் என்பது அவள் முடிவு.

“யாருட்டயும் மூச்சு விடாத புள்ள,” என்றாள் நூர் பீவி. “ரங்கூன் கரையில கால் வைக்கிறவரைக்கும் ஒனக்கு ஒண்ணுமில்ல. தெரிஞ்சுதா?”

நீலாம்பாள் மூச்சு விடவில்லை.

ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் துரைசாணியின் தாய்வீடு இருந்தது. சமையலறைக்கு மேலே மாடியறையில் நீலாம்பாளுக்கு ஒரு படுக்கை கொடுத்தார்கள். ஆனி மாதக் கடைசியிலும் அங்கே குளிரடித்தது. கனமான எதையும் தூக்காமல், மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, அவள் நாட்களைத் தள்ளினாள். பெட்டியை நகர்த்தச் சொன்னால் முதுகுவலி என்பாள். காலையில் எழுந்ததும் முதல் காரியமாகப் புடவையைப் பார்ப்பாள். கறை இல்லையென்று தெரிந்தபின்தான் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

டோராவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. இலையுதிரும் காலத்தில் அம்மாவும் ஆயாவும் ரங்கூனுக்குத் திரும்பும்போது அவள் இங்கேயே தங்கிவிடப் போகிறாள் என்பதை அந்தக் குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் வர வர, துரைசாணி அவளை எங்காவது வெளியே கூட்டிப் போய்க்கொண்டே இருந்தாள். ஆற்றங்கரைக்கு, பழைய கோட்டைக்கு, ஒருநாள் சர்க்கஸுக்கு. ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை, வின்டில் குன்றுக்குப் போகலாம் என்றாள்.

அந்தக் குன்று வீட்டு ஜன்னலிலிருந்தே தெரியும். துரைசாணியும் அவள் தம்பியும் சின்ன வயதில் விளையாடிய இடம். தம்பி பெரிய யுத்தத்தில் பிரான்சில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவள் அந்தக் குன்றின்மேல் ஏறியதே இல்லையாம். நீலாம்பாளுக்கு அப்போது மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கால் வலிக்கிறது, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். ஆயா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று டோரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துரைசாணியின் பழைய கம்பளிக் கோட்டைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, அளவுக்குப் பெரிய பூட்சில் துணி திணித்துக்கொண்டு, நீலாம்பாள் ஏறினாள். முதலில் வேலியைத் தாண்ட வைத்திருந்த மரப்படிகள். அப்புறம் இடுப்பளவு பெரணிச் செடிகள். அதற்கும் மேலே ஊதா நிறத்தில் பூத்த சிறு புதர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரவிக் கிடந்தன. ஆடுகள் மேய்ப்பன் இல்லாமல் திரிந்தன. வழியெங்கும் கருநீலத்தில் சின்னச் சின்னப் பழங்கள். டோரா பறித்துப் பறித்துத் தின்று, நாவல்பழம் தின்றவள்போல நாக்கை நீட்டிக் காட்டினாள். நீலாம்பாள் சிரித்தாள். சிரிக்கும்போதும் ஒரு கையைக் கோட்டுக்குள் அடிவயிற்றில் வைத்திருந்தாள். மேடு செங்குத்தாக வரும்போது நின்று நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் திரும்பிப் பார்த்த துரைசாணி, ரங்கூன்காரர்களுக்கு மலையே தெரியாது என்று கேலி செய்தாள்.

உச்சியில் ஆளுயரப் பாறைகள் கூட்டமாக நின்றன. அங்கிருந்து பார்த்தால் கீழே வயல்கள், கத்தரித்த துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டதுபோல, பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தன. ஒரு மாதாகோயில் கூம்பு. அதற்கப்பால் புகைவிட்டுக்கொண்டு ஒரு ரயில். நீலாம்பாளுக்கு அது பிடித்திருந்தது. ஏறி முடித்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை, இனி இறக்கம்தான் என்ற நிம்மதியில் அவள் பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றாள்.

துரைசாணி தின்னவில்லை. மறுபக்கச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கிறது, தம்பியோடு அங்கே போவேன், தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு உடனே வருகிறேன் என்றாள். அவள் ஆயாவிடம் பேசுவது இந்துஸ்தானியும் கொச்சைத் தமிழும் கலந்த பேச்சு. ஆனால் கடைசி வார்த்தையை மட்டும் தெளிவாகச் சொன்னாள்: “இந்தப் பாறை விட்டு நகராதே. நான் வரும் வரைக்கும் நகராதே.”

அவள் தொப்பி சரிவில் மறைந்த கொஞ்ச நேரத்தில் மூட்டம் வந்தது. மேலே இருந்து இறங்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் ரயில் பாதை போயிற்று, பிறகு கோயில் கூம்பு, பிறகு வயல்கள். கடைசியில் எதிரே இருந்த பாறையும் போயிற்று. நீலாம்பாள் எழுந்து நின்று “அம்மா, அம்மா” என்று கூவினாள். அவள் குரல் பஞ்சுக்குள் போனதுபோல அடங்கிப்போனது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால் குழந்தையை என்ன செய்வது? குழந்தையோடு போனால் பாறையை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது?

அவள் உட்கார்ந்தாள். டோராவைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். கதை சொன்னாள். சொன்ன கதையே திரும்ப வந்தது. துரைசாணி வரவில்லை. மெல்லிய தூறல் விழ ஆரம்பித்தது.

டோராவின் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கியபோது குளிர் என்றுதான் அவள் நினைத்தாள். அப்புறம் அந்தச் சின்ன உடம்பு முழுவதும் தூக்கித் தூக்கிப் போட்டது. நகக்கண்கள் நீலமாகியிருந்தன. நீலாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. ரங்கூனில் குழந்தைக்கு விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் இது. குளிர் விட்டதும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல் ஏறும், பிதற்றுவாள். போன மழைக்காலத்தில் இப்படி வந்தபோது டாக்டர் விடிய விடியப் பக்கத்திலேயே இருந்தார். கொயினா மருந்து வீட்டில், துரைசாணியின் பெட்டியில் இருந்தது.

“ஆயா, வீட்டுக்குப் போலாம்,” என்றது குழந்தை.

“அம்மா வந்துரட்டும் கண்ணு.”

“வீட்டுக்குப் போலாம் ஆயா.”

இறக்கிவிட்டு நடக்கவைத்துப் பார்த்தாள். இரண்டடி எடுத்துவைத்து டோரா ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கித்தான் போக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை. ரங்கூனிலேயே அவளைத் தூக்குவதை நிறுத்தி ஒரு வருஷமாகிவிட்டது. நீலாம்பாள் அந்தப் பாறையோரம் நின்று தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். நகராதே என்று ஒருத்தி சொல்லிப் போயிருக்கிறாள். கனம் தூக்காதே என்று சொர்ணம்மாள் இரண்டு தடவையும் தலையில் அடித்துச் சொன்னாள். இரண்டையும் கேட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் குழந்தை அவள் பெற்றதுமல்ல.

டோரா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது அப்படிச் செய்வாள்.

நீலாம்பாள் கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டாள். முழங்காலிட்டு முதுகில் ஏற்றி, தலைப்பால் இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

எந்தப் பக்கம் ஏறி வந்தோமென்று தெரியவில்லை. சரிவு எங்கே கீழே போகிறதோ அங்கே போனாள். பெரணிச் செடிகள் நனைந்து சாய்ந்து காலைப் பின்னின. ஓரிடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்; இடுப்பில் ஒரு வலி சுரீரென்று கிளம்பி அடிவயிற்றுக்குள் போனது. அப்படியே அசையாமல் இருந்தாள். வலி நின்றது. எழுந்தாள். “மாரியம்மா, மாரியம்மா” என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கையில் கல் மதில் ஒன்று தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே நடந்தாள். முதுகில் இருந்த குளிர் போய் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. டோரா இங்கிலீஷில் எதையோ முணுமுணுத்தாள், பிறகு தமிழில், பிறகு பர்மியத் தோட்டக்காரனிடம் பேசுவதுபோல அவன் பாஷையில். நடுநடுவே “ஆயா” என்றாள். வலி திரும்ப வந்தது. இந்த முறை உடனே நிற்கவில்லை.

ஒரு நாய் குரைத்தது. மூட்டத்துக்குள் ஒரு மஞ்சள் ஜன்னல் தெரிந்தது.

கதவைத் திறந்தவள் நடுவயதுப் பண்ணைக்காரி; கையெல்லாம் மாவு. வாசலில் தலைவிரிகோலமாக, நனைந்த புடவையில், முதுகில் வெள்ளைக்காரக் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்ற கறுத்த பெண்ணைப் பார்த்து அவள் ஒரு அடி பின்வாங்கினாள். ஏதோ கடுமையாகக் கேட்டாள். நீலாம்பாளுக்குத் தெரிந்த பத்து இருபது இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இவள் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைக்கிறாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று தோன்றியது. நீலாம்பாள் சட்டென்று வாசற்படிக்குள் ஒரு காலை வைத்தாள். வாழ்க்கையில் அவள் எந்த வெள்ளைக்காரி வீட்டிலும் கேட்காமல் கால் வைத்ததில்லை.

அப்போது டோரா அவள் தோள்மேலிருந்து தலையைத் தூக்கி அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் பேசினாள். என்ன சொன்னாள் என்று நீலாம்பாளுக்கு விளங்கவில்லை. “மை ஆயா” என்பது மட்டும் விளங்கியது. பண்ணைக்காரி கதவை அகலத் திறந்தாள்.

குழந்தையை அடுப்படியில் படுக்கவைத்து ஈரத்தைக் களைந்து போர்த்தினார்கள். பண்ணைக்காரன் குதிரைவண்டி பூட்டிக் கிராமத்துக்குச் செய்தி சொல்லப் புறப்பட்டான். அதுவரை நின்றுகொண்டிருந்த நீலாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பண்ணைக்காரிதான் பார்த்தாள். நீலாம்பாளின் வயிற்றின்மேல் மாவு படிந்த கையை வைத்து முகத்தைப் பார்த்தாள். நீலாம்பாள் தலையசைத்தாள். உடனே அவளைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணைகளை அடுக்கி, எழுந்திருக்காதே என்று விரலை ஆட்டினாள்.

அந்தக் கட்டிலில் நீலாம்பாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பழகிய வலி அது. அடுத்து என்ன வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வலி வரும்போதும் இதுதான், இதுதான் என்று பல்லைக் கடித்தாள். வலிகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. அதை நம்பாமல் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் துரைசாணி வந்தாள். மூட்டத்தில் வழி தவறி மறுபக்கம் நெடுஞ்சாலையில் போய் இறங்கி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு பாறைக்குத் திரும்ப ஏறியிருக்கிறாள். பாறையில் யாரும் இல்லை. வழியில் பண்ணைக்காரன் அவர்களைச் சந்தித்து அழைத்து வந்தான். குழந்தையைத் தொட்டுப் பார்த்து, கொயினாவுக்கு ஆளனுப்பிவிட்டு, கட்டிலருகே வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு.

“நகராதே என்று சொன்னேன்,” என்றாள். “அங்கே பாறையில் உங்களைக் காணவில்லை. செத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.”

பண்ணைக்காரி துரைசாணியை மூலைக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். துரைசாணி திரும்பி வந்தபோது கோபம் முகத்தில் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனை மாதம்?”

“மூணு.”

“கப்பலில் தெரியுமா?”

“கப்பல்லதான் தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா என்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருவீங்கம்மா.”

துரைசாணி அப்படியெல்லாம் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சொல்லவில்லை. நீலாம்பாளின் கால் பக்கம் விலகியிருந்த கம்பளியை இழுத்துப் போர்த்தினாள்.

இரவு இன்னும் கொஞ்சம் இரத்தம் போயிற்று. பிறகு நின்றது. காலையில் வந்த டாக்டர் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். பிள்ளை தங்குமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். நீலாம்பாள் பண்ணைக்காரி வீட்டிலேயே இரண்டு வாரம் கிடந்தாள். பால், ரொட்டி, ஒருநாள் முட்டை. டோரா காய்ச்சல் இறங்கிப் பாட்டி வீட்டிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டியில் வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் வந்தவள் அழுது வீங்கிய முகத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளிடம் சொல்லிவிட்டார்கள் என்று நீலாம்பாளுக்குப் புரிந்தது.

“நீயும் போயிடுவியா ஆயா?”

“போகணும் கண்ணு.”

டோரா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். புறப்படும் நாளில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், ஓடி வரவில்லை. அவள் ஓடி வந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று நீலாம்பாளுக்கு ரயில் ஏறியபின்னும் தோன்றிக்கொண்டிருந்தது.

கப்பலில் ஏறும் முன் ஒரு டாக்டர் எல்லாரையும் பார்த்தார். நீலாம்பாளின் கோட்டுப் பொத்தான்களைத் துரைசாணியே போட்டுவிட்டாள். டாக்டரிடம் அவளே முன்னால் போய், என் ஆயா சீமை ரொட்டியும் வெண்ணெயும் தின்று பெருத்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாள் பொய் சொல்லி நீலாம்பாள் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போடும்வரை இரண்டு பேருமே மூச்சு விடவில்லை.

கடலில் இரண்டு பெண்களுக்கும் செய்ய வேலை இல்லை. ஒருநாள் மாலை மேல்தளத்தில் துரைசாணி அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குன்றின்மேல் காய்ச்சல் வந்தபோது டோரா என்னைக் கூப்பிட்டாளா என்று கேட்டாள்.

கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போலாம் என்றாள், ஆயா என்றாள், தோட்டக்காரனைக்கூடக் கூப்பிட்டாள். நீலாம்பாள் தண்ணீரைப் பார்த்தாள்.

“கூப்பிட்டாங்கம்மா. வழி முழுக்க ஒங்களத்தான் கூப்பிட்டாங்க.”

துரைசாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீலாம்பாள் எழுந்துபோகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகலில் கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தது. துறையில் கருப்பையா நின்றான். கோட்டுக்குள் அவள் வயிற்றைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கப் பயந்தவனாகப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான். வீட்டில் இனிக் குழந்தை இல்லை, ஆயாவுக்கு வேலை இல்லை என்று துரைசாணி துறையிலேயே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி நீலாம்பாளின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு காரில் ஏறிப் போனாள். அதற்கப்புறம் அவர்கள் சந்திக்கவில்லை. மறுவருஷம் துரைக்கு மௌல்மேனுக்கு மாற்றலாகிவிட்டது என்று தோட்டக்காரன் மூலம் தெரிந்தது.

பசுந்தாங்கில் நீலாம்பாள் வாசலைவிட்டு இறங்கவில்லை. வயிற்றில் அசைவு நின்றால் கலங்குவாள்; அதிகம் அசைந்தாலும் கலங்குவாள். கருப்பையா வேலைக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். குன்றில் விழுந்ததைப் பற்றி அவள் சொர்ணம்மாளிடம் மட்டும் சொன்னாள். அடி பட்ட பிள்ளை குறையோடு பிறக்குமா என்று கேட்டாள். பொறக்கட்டும், பாத்துக்கலாம் என்றாள் சொர்ணம்மாள்.

மாசி பிறந்த சில நாளில், விடியற்காலை வலி கண்டது. வெயில் ஏறி, ஓடையில் சம்பான் படகுக்காரர்களின் சத்தம் அடங்கி, மதியமும் சாய்ந்தது. சொர்ணம்மாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கடைசியில் வலியெல்லாம் ஒரேயடியாக விட்டுப்போய்ப் பிள்ளை வெளியே வந்தது. அறையில் சத்தமே இல்லை.

நீலாம்பாள் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“அக்கா, ஏன் அழல?”

சொர்ணம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ செய்தாள். தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினாள். நீலாம்பாள் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்போது அழுகை வந்தது. முதலில் பூனைக்குட்டிபோல, பிறகு கோபமாக, வெளியில் காத்திருந்த கருப்பையா கதவைத் தட்டும் அளவுக்கு உரக்க.

“பொம்பளப் புள்ள,” என்றாள் சொர்ணம்மாள். “கையி காலு எல்லாம் சரியா இருக்கு. வெரல ஒரு தடவ எண்ணிக்க, அப்புறம் படு.”

நீலாம்பாள் எண்ணினாள்.